குடல் புண்ணுக்குப் பால்: பாலில் எந்தப் பகுதி, எந்தக் குடலுக்கு?

அக்கா மகனுக்குக் கிரோன் நோய் என்று உறுதியானபோது அவனுக்கு 13 வயது. மூன்று மாதமாகச் சாப்பிட்டவுடன் வயிற்றுவலி, கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு எடைக்குறைவு, பள்ளிக்கு அடிக்கடி எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. குழாய் விட்டுப் பார்த்ததில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள் தெரிந்தன. மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது மாத்திரை அல்ல. எட்டு வாரத்துக்குச் சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, மீன் கிடையாது. டின்னில் வரும் ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்க அதையே குடிக்க வேண்டும். டின்னைத் திருப்பிப் படித்தேன். புரதம் என்ற இடத்தில் கேசின் என்று இருந்தது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கட்டி கட்டியாகத் திரளுமே, அந்தப் புரதம்தான்.

அன்று மாலை சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வட்டார வீட்டில் ஒரே வாக்குவாதம்.

"குடல்ல புண்ணுன்னா பால் நல்லதுதான். உங்கப்பாவுக்கு அல்சர் வந்தப்போ வேளைக்கு ஒரு டம்ளர் பால் குடுத்துத்தான் தேத்துனேன்" என்றார் அம்மா.

சித்தி விடவில்லை. "அக்கா, அது அந்தக் காலம். பால்தான் குடலையே புண்ணாக்குதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. மொதல்ல வீட்டுல பாலை நிறுத்துங்க. அந்த மாவுலயும் பால்தானே இருக்கு?"

பையனின் அம்மா, அதாவது என் அக்கா, ஒன்றும் பேசாமல் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மருத்துவன் இல்லை. பாலிடெக்னிக்கில் உணவு அறிவியல் படித்துவிட்டு உணவுத் தொழிலில் பல வருடமாக இருப்பவன். அதனால் ஆய்வுக் கட்டுரைகளை ஓரளவு படித்துப் புரிந்துகொள்ள வரும். அந்த எட்டு வாரமும் அவன் குடித்தான், நான் படித்தேன். அம்மாவும் சித்தியும் 'பால்' என்று ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் மல்லுக்கு நின்றார்கள் என்பது சீக்கிரமே புரிந்தது. பசும்பாலில் 87 விழுக்காடு தண்ணீர். மிச்சத்தில் லாக்டோஸ் என்ற சர்க்கரை ஏறக்குறைய 5 விழுக்காடு, கொழுப்பு மூன்றரை முதல் 4, புரதம் 3.3 சொச்சம். இவை குடலின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வேலை பார்க்கின்றன. சில ஆற்றுகின்றன, சில கிளறுகின்றன. சிலவற்றின் பெயரில் நடக்கும் பேச்சில் பாதி ஆதாரமில்லாதது.

அம்மாவின் டம்ளர் பால்

அம்மா சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ள மனம் வரவில்லை. ஒரு காலத்தில் மருத்துவமனைகளே கொடுத்த சிகிச்சை அது. சிக்காகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் 1915இல் வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு மணிக்கொரு தடவை பாலும் பாலாடையும், நடுநடுவே அமிலத்தை முறிக்கும் மருந்தும் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதைப் பின்பற்றினார்கள். குடித்தவுடன் வலி தணிந்தது என்னவோ உண்மைதான். பால் அமிலத்தைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். அப்புறம் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையைத் தூண்டி இன்னும் அமிலம் சுரக்க வைக்கும்.

1986இல் இந்திய மருத்துவர்கள் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண் இருந்த 65 பேருக்கும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் மருந்து கொடுத்து, ஒரு பிரிவினரைப் பால் மட்டுமே குடிக்கச் சொன்னார்கள், மற்றவர்களை வழக்கமான சாப்பாட்டிலேயே விட்டார்கள். நான்கு வாரம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது, வழக்கமாகச் சாப்பிட்டவர்களில் 78 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியிருந்தது. பால் குடித்தவர்களில் 53 விழுக்காடுதான். இதற்குள் 1982இலேயே பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஆஸ்திரேலியாவில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்து வளர்த்துவிட்டார்கள். வயிற்றுப்புண்ணில் பெரும்பகுதிக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்ற கண்டுபிடிப்புக்காக 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அப்பா பலதுறை மருந்தகத்துக்குப் போயிருந்தால் அந்தக் கிருமி இருக்கிறதா என்று முதலில் சோதித்திருப்பார்கள்.

நம் மொழிப் பழக்கமும் இதில் கொஞ்சம் குழப்புகிறது. அமிலம் அரித்தாலும் 'புண்' என்கிறோம், உடலின் எதிர்ப்புச் சக்தியே குடல் சுவரைத் தாக்கினாலும் 'புண்' என்கிறோம். அப்பாவுக்கு இருந்தது முதல் வகை. பேரனுக்கு இருப்பது இரண்டாவது. இதை அழற்சி என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். குடல் சுவருக்கு உள்ளே வெள்ளை அணுக்கள் திரண்டு, அங்கே சும்மா குடியிருக்கும் கிருமிகளோடு ஓயாமல் சண்டை போடும் நிலை அது. கிரோன் நோயில் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் இது வரலாம். அல்சரேட்டிவ் கொலைட்டிசில் பெருங்குடலோடு நிற்கும். இரண்டுமே ஆசியாவில் கூடிக்கொண்டு வருகின்றன. சிங்கப்பூரைப் பற்றி 2000இல் வெளியான ஓர் ஆய்வு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இங்குள்ள சீனர்களையும் மலாய்க்காரர்களையும் விட இந்தியர்களிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நம் வீடுகளில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மலம், ரத்தம் என்ற சொற்களுக்குக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இவனும் அப்படித்தான் இருந்தான்.

சீம்பாலில் இருப்பது

பால் சந்தைக்காக உருவானது இல்லை. பிறந்த குட்டியின் குடலைக் கட்டி முடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பசுவின் சீம்பாலில் இது நன்றாகத் தெரியும். கன்றுக்கு வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை. பிறந்த முதல் நாளுக்குள் சீம்பால் குடித்தால்தான் அவை குடல் வழியே ரத்தத்துக்குப் போகும். பிறகு குடல் அந்த வாசலை மூடிக்கொள்ளும். சீம்பாலில் எதிர்ப்பொருள் மட்டும் இல்லை. குடல் சுவரின் செல்களை வளரச் சொல்லும் காரணிகளும், எதிர்ப்புச் சக்தியிடம் 'பொறுமையாக இரு' என்று சொல்லும் காரணிகளும் அதில் உண்டு. இரண்டாவது வகையில் முக்கியமானது டிஜிஎஃப்-பீட்டா. புதிதாக வரும் உணவையும் கிருமியையும் எதிரியாகப் பார்க்காமல் பழகிக்கொள்ள இது குடலுக்குக் கற்றுக்கொடுக்கிறது. காயம் ஆறுவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

பிரிட்டனில் ரேமண்ட் பிளேஃபோர்டு குழுவினர் இதைச் சோதித்தார்கள். இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகள் குடல் சுவரைக் கசியவிடும். 2001இல் வந்த அவர்களுடைய சிறிய ஆய்வில், அந்த மாத்திரையோடு பசுவின் சீம்பாலும் குடித்த ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கசிவு குறிப்பிடும்படி கூடவில்லை. சீம்பாலுக்குப் பதிலாக மோர்த்தெளிவுப் புரதம் (பால் திரியும்போது பிரியும் நீரில் இருப்பது) குடித்தபோது கசிவு கூடியது. ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்பதால் இதை வைத்துச் சீம்பால் பொடி வாங்கச் சொல்ல முடியாது. ஆனால் பாலில் ஆற்றும் பொருள் எதுவுமே இல்லை என்று சித்தி சொல்வது சரியில்லை என்பதற்கு இது போதும்.

இப்போது டின் மாவுக்கு வருகிறேன். குழந்தைகளின் கிரோன் நோய்க்கு ஆறிலிருந்து எட்டு வாரம் திரவ உணவு மட்டும் கொடுப்பதுதான் ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதல் வரிசைச் சிகிச்சை. அழற்சியை அடக்கும் வழக்கமான மருந்தான ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும், எலும்பைப் பலவீனமாக்கும். இந்தத் திரவம் வளர்ச்சிக்கு உதவுகிறது. லண்டனில் 2000இல் வெளியான ஆய்வில் டிஜிஎஃப்-பீட்டா நிறைந்த, கேசின் அடிப்படையிலான மாவை 29 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். 79 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது. அறிகுறி குறைந்ததோடு நிற்காமல், குடல் சுவரிலிருந்து எடுத்த துணுக்குகளிலேயே அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைந்திருந்தன. 2006இல் இத்தாலியில் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்து வாரத்தில் குடல் சுவர் ஆறிய பிள்ளைகள் திரவ உணவுப் பிரிவில் 74 விழுக்காடு, ஸ்டீராய்டுப் பிரிவில் 33.

அப்படியென்றால் பாலின் டிஜிஎஃப்-பீட்டாதான் மருந்தா? நானும் முதலில் அப்படித்தான் உற்சாகப்பட்டேன். ஆனால் பால் புரதமே இல்லாமல் வெறும் அமினோ அமிலங்களால் செய்த மாவும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் தருகிறது. ஆக, என்ன குடிக்கிறோம் என்பதைவிட, அந்த எட்டு வாரமும் எதைச் சாப்பிடவில்லை என்பதே பெரிய காரணமாக இருக்கக்கூடும். 2019இல் இஸ்ரேலிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு இந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. அதில் பிள்ளைகளுக்குச் சில உணவுகளை விலக்கிய சாப்பாடும், பாதித் தேவைக்குத் திரவ உணவும் கொடுத்தார்கள். விலக்கிய பட்டியலில் பாலும் தயிரும் உண்டு. கூடவே குடிக்கக் கொடுத்ததோ பால் புரதத்தில் செய்த மாவு! பால் பாக்கெட்டை விலக்கிவிட்டு, பாலிலிருந்து எடுத்த கேசினைக் கொடுக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகள் திரவ உணவை மட்டும் குடிப்பதைவிட எளிதாகத் தாங்கிக்கொண்டார்கள், நோயும் அடங்கியது. அம்மாவையும் சித்தியையும் உட்கார வைத்து நான் விளக்கியது இந்த ஒரு இடத்தைத்தான். இருவருமே பாதி சரி.

லாக்டோஃபெரின் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்குக் கொடுக்காமல் பட்டினி போடும் புரதம் இது. 1939இல் பசும்பாலில் அடையாளம் கண்டார்கள். தாய்ப்பாலில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் இருக்கும், பசும்பாலில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். இதே புரதத்தை நம் வெள்ளை அணுக்களும் வைத்திருக்கின்றன. குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் லாக்டோஃபெரின் கூடும், அதை அளந்தே அழற்சியைக் கண்டுபிடிக்கலாம். வெள்ளை அணுக்களின் இன்னொரு புரதமான கால்ப்ரொடெக்டினை மலத்தில் அளக்கும் சோதனையும் இதே வகைதான். இதைப் படித்தபோது பாலுக்கும் ரத்தத்துக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உறவா என்று வியந்தேன். ஆனால் வியப்பு வேறு, சிகிச்சை வேறு. பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகள் 2,203 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பசுவின் லாக்டோஃபெரினைக் கூடுதலாகக் கொடுத்ததால் தொற்று குறையவில்லை. பாலின் ஒரு பகுதியைப் பிரித்துக் குப்பியில் அடைத்தால் அது பாலில் செய்த வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

கொழுப்பு, தே தாரேக், தேங்காய்ப்பால்

சித்தி பக்கம் இருக்கும் வலுவான ஆதாரம் புரதத்தில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. 2012இல் சிக்காகோ பல்கலைக்கழகக் குழு எலிகளுக்கு மூன்று வகைக் கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தது. பால்கொழுப்பு சாப்பிட்ட எலிகளின் பித்தநீர் மாறியது. டாரின் என்ற கந்தகம் கலந்த பொருள் அதில் கூடியது. அந்தக் கந்தகத்தை விரும்பித் தின்னும் பைலோஃபைலா வாட்ஸ்வொர்தியா என்ற கிருமி பெருகியது. பெருங்குடல் அழற்சி வருவதற்கான மரபணுக் குறை இருந்த எலிகளில் பாதிக்கும் மேல் நோயுற்றன. பன்றிக்கொழுப்போ தாவர எண்ணெயோ சாப்பிட்டவற்றுக்கு அப்படி ஆகவில்லை. குறை இல்லாத எலிகள் பால்கொழுப்பு சாப்பிட்டும் நன்றாகவே இருந்தன. இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டுத்தான் வாட்ஸ்ஆப்பில் இந்த ஆய்வு சுற்றுகிறது.

மனிதர்களிடம் கிடைத்த தடயம் இதைவிட மெலிது, ஆனால் ஒதுக்க முடியாதது. நோய் அடங்கியிருந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள் 412 பேரை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வில், மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பால்கொழுப்பில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தேங்காய் எண்ணெயில் அதைவிடக் கூடுதல், ஏறக்குறைய 18 விழுக்காடு. சிங்கப்பூரில் இது கவனிக்க வேண்டிய விஷயம். பாலை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு தேங்காய்ப்பாலில் செய்யும் லக்சாவும், நாசி லெமாக்கும், சொதியும் சாப்பிட்டால் நாம் பயந்த கொழுப்பு வேறு வாசலில் உள்ளே வந்துவிடுகிறது.

கோப்பிக்கடைத் தேநீரையும் பார்க்க வேண்டும். 'தே' என்று கேட்டால் இனிப்புக் கட்டிப்பால், 'தே சி' என்றால் சர்க்கரை போட்டு ஆவியில் வற்றிய பால், 'தே ஓ' என்றால் பால் இல்லை. அந்த டின்களில் பலவற்றில் பால்கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயில் சேர்த்திருப்பார்கள். டின் மேல் பால் என்று இல்லாமல் கிரீமர் என்று எழுதியிருப்பது அதனால்தான். இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கைக் குடித்து வயிறு கெட்டால் பழியைப் பால் மேல் போடுகிறோம். உள்ளே போனது பெரும்பாலும் சர்க்கரையும் பாமாயிலும், கெட்டியாக நிற்க வைக்கும் பொருள்களும். அப்படிக் கெட்டியாக்கும் பொருள்களில் இரண்டு, எலிகளின் குடல்சளிப் படலத்தை மெலியச் செய்து அழற்சியைத் தூண்டியதை 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் தரக்குறி வந்துவிட்டது. அது சர்க்கரையையும் நிறைகொழுப்பையும்தான் பார்க்கிறது. ஆனாலும் குடல் நோயாளிக்கும் அது உதவும் ஒரு முதல் சல்லடை.

வெண்ணெயில் பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது, அது பெருங்குடல் செல்களின் உணவு, ஆகவே நெய் குடலை ஆற்றும் என்று ஒரு வாதம் உண்டு. முதல் இரண்டும் உண்மை. ஆனால் நெய்யிலுள்ள பியூட்டிரிக் அமிலம் பெருங்குடலை எட்டுவதற்கு முன்பே மேலே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்குத் தேவையானதை அங்கேயே இருக்கும் கிருமிகள் நார்ச்சத்தைப் புளிக்க வைத்துத் தயாரிக்கின்றன. நெய் பிடித்தால் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடலாம், மருந்தென்று ஊற்ற வேண்டாம்.

லாக்டோஸ் தொல்லை வேறு, அழற்சி வேறு

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, பேதியாகிறது. ஆகவே எனக்குக் குடல் அழற்சி. இந்த முடிச்சுதான் அதிகம் பேரைத் தவறாக வழிநடத்துகிறது. லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி, உலகத்தில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குறைந்துவிடுகிறது. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது கூடுதல். சீனர், மலாய்க்காரர்களிடமும் பரவலாக உண்டு. ஆகவே சிங்கப்பூரில் இது நோயே இல்லை, இயல்பு. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. வேதனை உண்மை, ஆனால் குடல் சுவரில் புண் ஏற்படுவதில்லை. இப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஒரு டம்ளர் பாலில் இருக்கும் 12 கிராம் வரையிலான லாக்டோஸை, சாப்பாட்டோடு சேர்த்தால், தாங்கிக்கொள்வார்கள்.

இரண்டும் சந்திக்கும் இடமும் உண்டு. லாக்டேஸ் நொதி சிறுகுடலின் விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் இருக்கிறது. அழற்சியோ கடுமையான வயிற்றுப்போக்கோ அந்த நுனிகளைத் தேய்த்துவிட்டால், பாலை நன்றாகச் செரித்தவனுக்கும் கொஞ்ச நாள் பால் ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறினால் நொதியும் திரும்பும். நோய் கிளம்பியிருக்கும்போது பாலைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். நோயாளிகளுக்கான திரவ உணவுகளில் பெரும்பாலும் லாக்டோஸை நீக்கியிருப்பார்கள்.

பாலை முழுக்க விலக்கினால் நோய் அடங்குமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளிடம் பாலை நிறுத்திப் பார்த்தார். சிறு பகுதியினருக்குப் பலன் தெரிந்தது. 2013இல் இத்தாலியில் 29 பிள்ளைகளிடம் ஓராண்டு நடந்த ஒப்பீட்டில் பாலை விலக்கியவர்களுக்கும் விலக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2020இல் வெளியான சர்வதேச நிபுணர் வழிகாட்டுதலும், பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலை எல்லாரும் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. காய்ச்சாத பாலை மட்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பால் புரத ஒவ்வாமை இருக்கும் கைக்குழந்தையின் கதை முற்றிலும் வேறு. அங்கே பாலை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நிறுத்துவதற்கும் விலை உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடும், அழற்சி உள்ள, வளரும் பிள்ளைக்கு எலும்பு ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 300 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். அதை எடுத்தால் நெத்திலி, டாவ் குவா என்ற சோயாக் கட்டி, கேழ்வரகு, கால்சியம் சேர்த்த சோயாப்பால் என்று எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். உணவு நிபுணரைக் கேட்காமல் பிள்ளைக்குப் பாலை நிறுத்தும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஏ2 பாலைப் பற்றியும் கேட்கிறார்கள். பீட்டா-கேசின் சங்கிலியின் 67ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் ஏ1, ஏ2 வித்தியாசம். ஏ2 குடித்தால் வயிற்று உபாதை குறைவதாகச் சீனாவில் நடந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. அழற்சி நோயை அது ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடுதல் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

எருமைத் தொழுவமும் தாய்ப்பால் வங்கியும்

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பஃப்பலோ ரோடு வழியாக நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பக்கத்திலிருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரிலுள்ள 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மவர்கள் மாடு வளர்த்துப் பால் விற்ற வட்டாரம். அந்தப் பெயரைச் சுமக்கும் மருத்துவமனையில்தான் 2017 ஆகஸ்டில் சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது.

பாலின் ஒரு கூறு குடலை அழற்சியிலிருந்து காப்பாற்றுகிறது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இதுதான். குறைமாதக் குழந்தைகளின் குடல் முதிராதது. அதில் திடீரென்று அழற்சி வந்து திசுவே அழுகும் நோய் ஒன்று உண்டு, நெக் என்பார்கள். உயிரைப் பறிக்கும். பிரிட்டனில் ஆலன் லூகாசும் டிம் கோலும் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து 1990இல் வெளியிட்ட கட்டுரையில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பால்மாவு மட்டும் குடித்தவர்களுக்கு அந்த நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகம் என்றார்கள். பெற்ற தாயிடம் பால் போதாதபோது, பிற தாய்மார் தானமாகத் தந்த பாலையும் மாவையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்பிலும் மாவு குடித்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

காரணங்களில் ஒன்று தாய்ப்பாலின் சிறுசர்க்கரைச் சங்கிலிகள். ஒலிகோசாக்கரைடு என்பது அவற்றின் பெயர். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம், 150க்கு மேற்பட்ட வகைகள். குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. தாயின் உடல் இவ்வளவு பாடுபட்டுச் செய்வது குழந்தையின் குடலிலுள்ள பிஃபிடோ கிருமிகளுக்கான சாப்பாடு! சில சங்கிலிகள் குடல் சுவரின் மேற்பரப்பைப் போலவே இருப்பதால் கெட்ட கிருமிகள் ஏமாந்து அவற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். பசும்பாலில் இவை மிகச் சொற்பம். பால் வங்கிகளில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கும்போது எதிர்ப்பொருள்களும் லாக்டோஃபெரினும் ஓரளவு அழியும். இந்தச் சங்கிலிகள் அப்படியே இருக்கும்.

சூடு என்றதும் காய்ச்சாத பாலைத் தூக்கிப் பிடிப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பாலிலுள்ள ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி, கிருமிகளின் நச்சை முறிக்கக்கூடிய குடல் நொதியின் உறவினர். பாஸ்டரைஸ் செய்தால் அது அழியும். பால் சரியாகச் சூடாகியிருக்கிறதா என்று ஆலைகளில் பார்ப்பதே அந்த நொதி செத்துவிட்டதா என்று சோதித்துத்தான். நானே அந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். நொதி போகிறதே என்று எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதோடு புரூசெல்லா, லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிகளும் போகின்றன. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு இதில் பேரமே கிடையாது.

மோர்

கடைசியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பிய கதை. எட்டாவது வாரம் அவனுடைய கால்ப்ரொடெக்டின் நன்றாக இறங்கியிருந்தது. நான்கு கிலோ ஏறியிருந்தான். மருத்துவர் பராமரிப்பு மருந்தைத் தொடங்கினார், உணவு நிபுணர் சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னார். பால் வகையில் முதலில் தயிர்.

தயிரைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. தயிர்க் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்கூட்டியே தின்றுவிடுகின்றன. மிச்சத்தை உடைக்கும் நொதியையும் தங்களோடு குடலுக்குள் கொண்டுபோகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தயிர், கேஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அழற்சி சார்ந்த 19 புரதங்கள் குறைந்தன, குடல் கிருமிகளின் வகைகள் கூடின. அவர்கள் நோயாளிகள் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை நம்பிக்கை தருகிறது.

மோரில் எனக்குத் தனி ஆர்வம். பாலில் கொழுப்பு சும்மா மிதப்பதில்லை. ஒவ்வொரு திவலையையும் ஒரு மெல்லிய உறை சுற்றியிருக்கும். அந்த உறையில் குடல் செல்களுக்குப் பயன்படும் கொழுப்புகளும் புரதங்களும் உண்டு. எலிகளில் குடல் கசிவைக் குறைத்திருக்கிறது. கடையும்போது உறை கிழிந்து கொழுப்பு வெண்ணெயாகத் திரள்கிறது, உறையின் பெரும்பகுதி மோரில் தங்கிவிடுகிறது. சித்தி சந்தேகப்பட்ட கொழுப்பை எடுத்துவிட்டு, அம்மா நம்பிய நல்லதைக் கொஞ்சம் மீதம் வைக்கும் வேலையை நம் வீட்டு மத்து செய்துகொண்டிருந்திருக்கிறது. தயிரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது மோர் ஆகாது, கடைந்து வெண்ணெய் எடுக்க வேண்டும்.

இதைச் சொன்ன மறுநாள் அம்மா தேக்காவுக்குப் போய் மத்து வாங்கி வந்துவிட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் பையனுக்குக் குழைந்த சோற்றில் மோர். சித்தி அதற்குத் தாளிக்காமல் உப்பு மட்டும் போட்டுத் தருகிறார், மிளகாய் இன்னும் பட்டியலில் வரவில்லை. காலையில் ஒரு வேளை டின் மாவும் தொடர்கிறது. அக்கா சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு உணவும் சேர்ந்த நாளைக் குறித்து வைக்கிறார். வெறும் பாலுக்கு அடுத்த மாதம், மலச்சோதனை முடிவு வந்த பிறகு, அரை டம்ளர் என்று எழுதியிருக்கிறது.